வலிய நாயும் வசைப்பெயரும்

ஒருவரைப் பற்றிப் பழிச்சொல் ஒன்று ஊரில் எழுந்துவிட்டால், அது மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலர். கேட்டதைக் கேட்டவாறே பிறர்க்குச் சொல்லித் திரிபவர் பலர். மக்களுக்கு நேரும் இந்நிலை விலங்குகளுக்கும் நேர்வது உண்டு. நாயினத்துள் சில வகைகள் இவ்வாறு பழிக்கப்பட்டு நிற்கின்றன. பிட்புல், இராட்வைலர், டாபர்மன் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே பலர் அஞ்சுகின்றனர். அவை பிறவியிலேயே கொடியவை என்றும், வளர்த்தவரையே கொல்லும் தன்மையுடையவை என்றும் அவர்கள் கூறுவர். அவற்றை வளர்ப்பவர்களோ, அவற்றைப் போல் அன்புடைய உயிர் உலகில் வேறு இல்லை என்பர். இவ்விரு கூற்றுகளுள் எது உண்மை? குழந்தைகளின் உயிரும், குற்றமற்ற பல நாய்களின் உயிரும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தவை. ஆதலின், அச்சத்தையும் அன்பையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுச் சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தொழிலுக்கு ஏற்ற உடல்

நாய்கள் அனைத்தும் ஓநாயின் வழிவந்தவை. மனிதன் அவற்றைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன்னோடு வைத்துப் பழக்கினான். தன் தொழிலுக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினான். முயலைத் துரத்துவதற்கு நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் உடைய நாயை உண்டாக்கினான். வளைக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்குக் குறுங்கால் நாயை உண்டாக்கினான். மந்தையைக் காப்பதற்குப் பேருடல் படைத்த நாயை உண்டாக்கினான். ஆகவே, வலிய நாய்களின் வலிமை தானாகத் தோன்றியது அன்று. மனிதன் விரும்பிப் பெற்றது.

செருமனி நாட்டின் தென்பகுதியில் இராட்வைல் என்னும் பழைய ஊர் ஒன்று உள்ளது. அங்கே கால்நடை வாணிகம் சிறந்து விளங்கிற்று. இறைச்சி வணிகர்கள் மாடுகளை ஓட்டிச் செல்வதற்கும், சிறு வண்டிகளை இழுப்பதற்கும் வலிய நாய்களை வளர்த்தனர். அவ்வூரின் பெயரே அந்நாய்க்கு ஆயிற்று. மாடுகளை இரயிலில் ஏற்றி அனுப்பும் காலம் வந்தபின், அந்நாய்களுக்கு வேலை குறைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவல்துறையினர் அவற்றின் ஆற்றலை அறிந்து தம் பணியில் சேர்த்துக்கொண்டனர். மற்றுமொரு செருமானிய ஊராகிய அப்போல்டாவில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லூயி டாபர்மன் என்பவர் வாழ்ந்தார். வரி தண்டுதல் அவர் செய்த தொழில்களுள் ஒன்று. வழித்துணையாகவும் காவலாகவும் இருக்கத்தக்க நாயை அவர் வளர்த்து உருவாக்கினார். அதுவே அவர் பெயரால் இன்று வழங்குகின்றது.

பிட்புல் நாயின் வரலாறு இவற்றினும் வேறானது, துயரம் நிறைந்தது. இங்கிலாந்தில் முற்காலத்தில் காளையைக் கட்டிவைத்து, அதன்மேல் நாய்களை ஏவிக் கடிக்கச் செய்து கண்டு களிக்கும் கொடிய விளையாட்டு நடைபெற்றது. 1835-ஆம் ஆண்டில் சட்டம் அதனைத் தடை செய்தது. ஆயினும், கொடுமையைக் கண்டு களித்துப் பழகிய கூட்டம் ஓய்ந்துவிடவில்லை. மறைவிடங்களில் நாயோடு நாயைப் பொருதவிட்டுப் பந்தயம் கட்டத் தொடங்கியது. காளையைக் கடித்த புல்டாக் நாயையும், விரைவு மிக்க டெரியர் நாயையும் கலந்து, இப்போருக்கென்றே ஒரு வகை நாயைப் பெருக்கினர். அது பின்னர் அமெரிக்காவிற்கும் சென்றது. 'பிட்' என்பது நாய்கள் பொருத குழியையும், 'புல்' என்பது காளையையும் குறிக்கும். அந்நாயின் பெயரிலேயே மனிதன் செய்த கொடுமை பதிந்து கிடக்கின்றது.

இடம் மாறும் பழி

கொடிய நாய் என்னும் பெயர் எக்காலத்தும் ஓரினத்தின்மேலேயே தங்கியிருந்தது என்று எண்ணுதல் தவறு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிளட்ஹவுண்டு என்னும் மோப்ப நாயைக் கண்டு மக்கள் அஞ்சினர். தப்பியோடும் அடிமைகளைத் துரத்தும் நாயாக நாடக மேடைகளிலும் அதனைக் காட்டினர். இன்றோ அந்நாய் சாந்தமான இயல்பினது என்று போற்றப்படுகின்றது.

பின்னர், அல்சேசன் எனப்படும் செருமானிய மேய்ப்பு நாயின்மேல் பழி விழுந்தது. ஆஸ்திரேலிய அரசு 1920-களின் இறுதியில் அந்நாயை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அது அந்நாட்டுக் காட்டு நாய்களோடு கலந்து ஆட்டு மந்தைகளை அழித்துவிடும் என்று மக்கள் அஞ்சியதே காரணம். அத்தடை 1970-களில்தான் நீங்கியது. இன்று உலகின் பல நாடுகளிலும் அதே நாய் காவல்துறையின் நம்பிக்கைக்குரிய துணையாக விளங்குகின்றது. அல்சேசனுக்குப் பின் டாபர்மனும், அதன்பின் இராட்வைலரும் பிட்புல்லும் பழியைச் சுமந்தன.

குற்றச்சாட்டின் வலிமை

இவ்வாறு கூறுவதால், வலிய நாய்களைப் பற்றிய அச்சம் முழுதும் பொய் என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரையுள்ள 20 ஆண்டுகளில் நாய்களால் நேர்ந்த 238 மரணங்களை அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிட்புல் வகையும் இராட்வைலரும் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. நம் நாட்டிலும் துயர நிகழ்ச்சிகள் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு இராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. இத்தகைய செய்திகளைக் கேட்டும் அஞ்சாதிருப்பது அறிவுடைமை ஆகாது.

இதற்குக் காரணமும் வெளிப்படை. எல்லா நாய்களும் சினங்கொள்ளும். எல்லா நாய்களும் கடிக்கும். ஆனால், 3 கிலோ எடையுள்ள சிறுநாய் கடித்தால் தோல் கிழியும். 45 கிலோ எடையுள்ள பெருநாய் கடித்தால் உயிரே போகலாம். மேலும், போருக்கென வளர்க்கப்பட்ட நாய், தன்னைக் கடிக்கும் பகையை எளிதில் விட்டு நீங்காதவாறு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆதலால், வலிய நாய் செய்யும் பிழை சிறிதாயினும், அதன் விளைவு பெரிதாகின்றது.

எனினும், மேற்கூறிய ஆராய்ச்சியே மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. அம்மரணங்களுக்குக் காரணமான நாய்கள் 25 இனங்களுக்குக் குறையாதவை. எந்த இனத்தில் எத்தனை நாய்கள் உள்ளன என்னும் கணக்கு இல்லாமல், இன்ன இனமே மிகக் கொடியது என்று துணிதலும் இயலாது. ஆயிரம் பேர் வாழும் ஊரில் பத்துப் பேரும், நூறு பேர் வாழும் ஊரில் ஐந்து பேரும் காய்ச்சலால் வருந்தினால், எவ்வூரில் நோய் மிகுதி? பத்து என்பது ஐந்தினும் பெரிது. ஆயினும் நோய் மிகுந்தது சிற்றூரிலேதான். நாய்க்கடியைக் கணக்கிடுவதிலும் இவ்வாறே மொத்தத் தொகையை அறிதல் வேண்டும்.

இனத்தை அறிவதிலேயே இடர்ப்பாடு உண்டு. பெருந்தலையும் திரண்ட மார்பும் உடைய கலப்பு நாய் எதனைக் கண்டாலும் 'பிட்புல்' என்று கூறிவிடும் வழக்கம் மேலை நாடுகளில் மிகுதி. நாய்க் காப்பகங்களில் நெடுநாள் பணியாற்றுபவர்களும் கண்ணால் மட்டும் கண்டு கூறும்போது பிழைபடுகின்றனர் என்பதை மரபணுச் சோதனைகள் காட்டியுள்ளன. பிட்புல்லின் தாடை கடித்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் என்பதும் ஒரு கட்டுக்கதையே. அத்தகைய பூட்டு எதுவும் அதன் எலும்பமைப்பில் இல்லை.

இனமும் இயல்பும்

வலிமை வேறு, கொடுமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பெரும்பிழை. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், பல இன நாய்களின் சினவியல்பை அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறிந்து ஒப்பிட்டனர். மனிதரிடம் மிகுதியாகச் சினங்காட்டுவனவாகக் காணப்பட்டவை டாக்சண்டு, சிவாவா முதலிய சிறுநாய்களே. பிட்புல் மனிதரிடம் அத்துணைச் சினம் காட்டவில்லை. ஆனால், பிற நாய்களிடம் மிகுந்த சினம் காட்டியது. நாயோடு பொருதற்கென வளர்க்கப்பட்ட மரபு அதனிடம் முற்றும் மறைந்துவிடவில்லை என்பதும், அச்சினம் மனிதர்மேல் கொள்ளும் சினத்தின் வேறானது என்பதும் இதனால் விளங்கும்.

2022-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் மேலும் விரிவான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டனர். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைக் கேட்டறிந்து, அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில், இனத்தால் விளங்குவது ஏறத்தாழ 9 விழுக்காடே என்று கண்டனர். சொற்கேட்டு நடத்தல் போன்ற சில பண்புகளில் இனத்தின் தொடர்பு ஓரளவு தெரிந்தது. ஆனால், எளிதில் சினமூட்டப்படும் இயல்பில் இனத்தின் தொடர்பு மிகச் சிறிதே. ஓரினத்துள்ளேயே சாந்தமான நாயும் உண்டு. கடுஞ்சினம் உடைய நாயும் உண்டு. ஆகவே, இனத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு நாயின் குணத்தை அறிந்துவிட்டதாக எண்ணுதல் பொருந்தாது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வாலைப் பற்றி அஃது உண்மையாகலாம். குணத்தைப் பற்றி உண்மையன்று. காளையின் மூக்கைக் கடித்துத் தொங்கிய புல்டாக் நாயின் வழித்தோன்றல், இன்று வீட்டுக் கூடத்தில் படுத்துறங்கும் மந்தமான செல்ல நாயாக மாறிவிட்டது. கடிக்கும் நாயை நீக்கிச் சாந்தமான நாயையே இனம் பெருக்கினால், சில தலைமுறைகளிலேயே குணம் மாறும். கடிக்கும் நாயையே தெரிந்தெடுத்துப் பெருக்கினால் கொடுமையும் அவ்வாறே வளரும். இரண்டும் மனிதன் கையில் உள்ளன.

வளர்ப்பின் வலிமை

குட்டிப் பருவத்து வளர்ப்பே நாயின் பிற்கால வாழ்வை உறுதி செய்கின்றது. அமெரிக்காவில் பார்ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1965-இல் நூலாக வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என்று அவர்கள் கண்டனர். 14 வாரங்கள் மனிதரையே காணாமல் வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டதும் காட்டு விலங்குகளைப் போல் அஞ்சி ஒதுங்கின. அச்சம் மிகுந்த நாயே பெரும்பாலும் கடிக்கும் நாயாகின்றது. தப்பியோட வழியில்லாத இடத்தில் அதன் அச்சம் சினமாக மாறிவிடுகின்றது.

இரவும் பகலும் சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்த்தால் நாய்க்கு வீரம் மிகும் என்று சிலர் நம்புகின்றனர். அதனால் மிகுவது வீரம் அன்று, வெறுப்பே. அமெரிக்காவின் டென்வர் நகரில், கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு நோக்கி, 1994-இல் ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கடித்தவற்றுள் பல ஆண் நாய்கள், கருத்தடை அறுவை செய்யப்படாதவை, முற்றத்தில் கட்டிவைக்கப்பட்டவை.

2000 முதல் 2009 வரை அந்நாட்டில் நாய்களால் நேர்ந்த 256 மரணங்களைப் பற்றிய ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தது. அதன் முடிவுகள் நம் உள்ளத்தில் பதிய வேண்டியவை. 87 விழுக்காட்டு நிகழ்ச்சிகளில், இடையே புகுந்து காக்க வல்லவர் எவரும் அருகில் இல்லை. 84 விழுக்காட்டில் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யப்படவில்லை. 76 விழுக்காட்டில் நாய் குடும்பத்தோடு கூடிப் பழகாமல் தனியே ஒதுக்கி வளர்க்கப்பட்டிருந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இத்தகைய குறைகள் நான்கும் அதற்கு மேலும் ஒருங்கே அமைந்திருந்தன. இக்குறைகள் யாவும் மனிதரால் நீக்கத்தக்கவை. நாயின் இனத்தையோ, 45 நிகழ்ச்சிகளில் மட்டுமே நம்பத்தக்க முறையில் அறிய முடிந்தது.

மறுவாழ்வு பெற்ற நாய்கள்

2007-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர்க்கு உரிய நிலத்தில், போருக்காக வளர்க்கப்பட்ட பிட்புல் நாய்கள் ஏறத்தாழ ஐம்பது கைப்பற்றப்பட்டன. அதற்கு முன்பெல்லாம் இத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவதே பெருவழக்கு. இம்முறை நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. சினம் மிக்கது, இனித் திருத்த முடியாதது என்று கொல்லப்பட்டது ஒரு நாயே. ஏனையவற்றுள் பல, பொறுமையுடையோரிடம் பயிற்சி பெற்று, வீடுகளில் வளர்ப்பு நாய்களாக வாழ்ந்தன. சில நாய்கள் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் பணியிலும் ஈடுபட்டன. எல்லா நாய்களும் அவ்வாறு எளிதில் திருந்தவில்லை. சில நாய்களுக்கு வாழ்நாள் முழுதும் தனிக்காவல் தேவைப்பட்டது. எனினும், இனத்தை நோக்காமல் ஒவ்வோர் உயிரையும் தனித்து நோக்கியதால் பல உயிர்கள் பிழைத்தன.

சட்டம் செய்ததும் செய்யாததும்

மக்களைக் காப்பது அரசின் கடமை. ஆதலின், பல நாடுகள் சட்டம் இயற்றின. இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகை நாய்களைத் தடுத்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் 'எக்ஸ்எல் புல்லி' என்னும் பெருநாயும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால், 1998 முதல் 2018 வரையுள்ள காலத்தில், நாய்க்கடியால் அந்நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோரின் விகிதம் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. நெதர்லாந்து 1993-இல் பிட்புல்லைத் தடை செய்தது. கடிகள் குறையாமை கண்டு, 2008-இல் அத்தடையைக் கைவிட முடிவு செய்தது. 1989-இல் தடை விதித்த டென்வர் நகரத்து மக்களும், 2020-இல் வாக்களித்து அத்தடையை மாற்றினர். உரிமம் பெற்று வளர்க்கலாம் என்பது அவர்கள் கண்ட புதுவழி.

நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மத்திய அரசின் கால்நடைத் துறை 23 வகை நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்புடையோரின் கருத்தைக் கேளாமல் அதனை வெளியிட்டமையால், கர்நாடக உயர்நீதிமன்றமும் தில்லி உயர்நீதிமன்றமும் அடுத்த மாதமே அதனை நீக்கின. நீதிமன்றங்கள் அந்நாய்களை நல்லவை என்று தீர்ப்பளிக்கவில்லை; முறைப்படி ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதையே வலியுறுத்தின.

ஓரினத்தைத் தடுத்தால், தீய எண்ணம் உடையவன் வேறோர் இனத்தைத் தேடிக்கொள்கின்றான். ஆகவே, சட்டம் நாயை மட்டுமன்றி வளர்ப்பவனையும் பிணித்தல் வேண்டும். உரிமம் பெறுதல், தடுப்பூசி இடுதல், பொது இடங்களில் கழுத்துவாரும் வேண்டுமிடத்து வாய்ப்பூட்டும் இடுதல், நாய் செய்த தீங்குக்கு வளர்த்தவனைப் பொறுப்பாக்குதல் ஆகியவை நலம் பயக்கும் வழிகள். வலிய நாயை வளர்க்க விரும்புவோன், அதனை அடக்கி நடத்தும் ஆற்றலும், நாள்தோறும் உலாவச் செய்யும் இடமும் காலமும் தனக்கு உண்டா என்று முதலில் எண்ணுதல் வேண்டும். பெருமைக்காக வாங்கிக் கூண்டில் அடைத்து வைப்பவன், தன் வீட்டிலேயே ஆபத்தை வளர்ப்பவன் ஆகின்றான்.

நாம் செய்ய வேண்டுவன

ஆபத்து உடலின் பருமையால் மட்டும் அளக்கப்படுவது அன்று என்பதையும் மறத்தல் கூடாது. எலும்பும் தோலுமாய்த் தெருவில் திரியும் சிறுநாயும் வெறிநோய் கொண்டிருந்தால், அதன் ஒரு கடி உயிரைப் போக்கிவிடும். அந்நோய் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். வீட்டாருக்கு அஞ்சிக் கடிபட்டதை மறைத்தல் பேதைமை.

உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், கட்டப்பட்டிருக்கும் நாய் ஆகியவற்றை அணுகுதல் ஆகாது. அயலார் நாயை, வளர்ப்பவரின் இசைவின்றித் தொடுதலும் ஆகாது. நாய் உறுமினும், உடல் விறைத்து நின்று உற்று நோக்கினும், அஃது எச்சரிக்கை என்று அறிந்து மெல்ல விலகுதல் வேண்டும். ஓடினால் அது துரத்தும்; கத்தினால் அதன் கிளர்ச்சி மிகும். குரைக்கின்ற நாய் கடியாது என்னும் பழமொழியை நம்பி அருகில் செல்லுதல் அறிவுடைமை ஆகாது. எத்துணைச் சாந்தமான நாயாயினும், சிறு குழந்தையை அதனோடு தனியே விட்டுச் செல்லுதல் கூடவே கூடாது.

வலிய நாய்கள் தம் வசைப்பெயருக்கு உரியனவா என்பது நம் வினா. அவை பிறர்க்குப் பெருந்தீங்கு செய்ய வல்லவை என்பது உண்மை. ஆதலின், விழிப்பு மிகுதியும் வேண்டும். அவை பிறவியிலேயே தீங்கு செய்ய விரும்புபவை என்பது பொய். ஆதலின், வெறுப்பு வேண்டுவதில்லை. வலிமையை அவற்றுக்குக் கொடுத்தவன் மனிதன். போர்க்குழியில் தள்ளியவனும் மனிதன். சங்கிலியில் பிணித்து வெறுப்பை ஊட்டியவனும் மனிதனே. நாயின் வலிமையைத் தன் வீட்டிற்குள் வரவேற்கும் ஒருவன், அதனைப் பேணிக் காக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றல் வேண்டும். அப்பொறுப்பை ஏற்போர் பெருகுங்கால், குழந்தைகளும் அச்சமின்றித் தெருவில் நடப்பர். குற்றமற்ற நாய்களும் பழியின் நீங்கி வாழும்.